ரெண்டு கதவு வண்டி

“…எனக்குத்தான் மூக்கு செத்துப் போச்சே தம்பி. நீ மோந்து பாரு. பிளைட்டு எண்ணெய்தான்னு நீ ஒரு வார்த்த சொன்னா, கண்ண மூடிக்கினு ஊத்திடறேன்” என்றபடி ஸ்ப்ரே அண்ணன் வெள்ளைக் கேனின் மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் சின்ன முதலாளியும் பல் டாக்டரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்தில் கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை என்னுடையது. ஞாயிறு காலையில் கார் பைத்தியங்கள் சிலர் அங்கே வண்டியை நிறுத்தி டீ குடிப்பார்கள். தோல் கம்பெனிக்காரரின் மகனான சின்ன முதலாளியிடம் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. எங்கள் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அது வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் ஏறி இறங்கும். அவருடைய கம்பெனியில் தோலுக்குச் சாயம் அடிக்கும் அறையில் பத்தொன்பது வருஷம் நின்றவர் ஸ்ப்ரே அண்ணன். அவரிடமும் ஒரு கார் இருந்தது. மூன்று கை மாறி வந்த பழைய சின்ன வண்டி. தோலுக்கு அடிக்கிற சிவப்பையே அதற்கும் அடித்து, கழித்துப்போட்ட தோல் துண்டுகளை என்னிடம் கொடுத்து நாலு விதப் பழுப்பில் சீட் தைக்கச் சொன்னார். “ஸ்போர்ட்ஸ் காருன்னா ரெண்டு கதவுதான். மிச்சதெல்லாம் கல்யாண வண்டி” என்று பல் டாக்டர் ஒரு நாள் சொல்லிவைக்க, மறுவாரமே பின்கதவு இரண்டையும் வெல்டிங் வைத்து அடைத்துக்கொண்டு வந்து நின்றார். அதற்குப் பிறகு அவர் மனைவி முன்சீட்டைச் சாய்த்துத் தவழ்ந்துதான் பின்னால் போய் உட்கார வேண்டும். அந்த அம்மா புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அங்கே பேச்சு பெரும்பாலும் பெட்ரோலில் தொடங்கி ஆகாயத்தில் போய் முடியும். ஒரு பிளைட்டு ஒரு தடவை ஏறி இறங்கக் குடிக்கிற எண்ணெயில் தன் கார் ஆயுசு முழுக்க ஓடும் என்பார் டாக்டர். “பறக்கறவன் டிக்கெட்ல போடுங்கடா வரிய. கார் வெச்சிருக்கறவன் இன்னா பாவம் பண்ணான்?” சின்ன முதலாளி மாதம் ஒரு தரம் இத்தாலிக்குத் தோல் சாம்பிள் கொண்டுபோகிறவர். “அப்போ எனக்கும் போடுவியா தோஸ்த்?” என்பார். “உனக்குத்தான் டபுள்!” இந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு நாள் ஸ்ப்ரே அண்ணன் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: “மேல போறவனுக்கு வரி, கீழ போறவனுக்கு வழி. அவ்ளோதான் சார் நியாயம்.” யார் வாயிலிருந்து நல்ல பேச்சு விழுந்தாலும் பொறுக்கி வைத்துக்கொள்கிறவன் நான். அன்று இரவு சாப்பிடும்போதுகூட அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி என்றிருந்த அந்த மனுஷனுக்கு அன்றிலிருந்து ‘பைலட்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் வரிசையாக ஏலகிரி மலை ஏறுவார்கள். அந்த வரிசையின் கடைசியில் தன் வண்டியும் ஒரே ஒரு தடவை ஏற வேண்டும். மூன்று வருஷமாகக் கேட்டார். “அடுத்த மாசம் பைலட்டு” என்றே மூன்று வருஷமும் சொன்னார்கள்.

அவருடைய மூக்கைப் பற்றி அவர்களுக்குச் சொன்னது நான்தான். ஒரு நாள் கடை வாசலில் அவர் சீட்டுக்கு அடியில் ஒயர் கருகி நாறியது. தெருவே எட்டிப் பார்த்தது, அவர் மட்டும் அதன்மேல் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். சாய அறை தின்றுவிட்ட மூக்கு அது. வீட்டில் சோறு அடிபிடித்தால்கூட மனைவி சொல்லித்தான் தெரியும் என்பதை எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். நான் அதைக் கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் கேன் வந்தது.

“ஏர்போர்ட்ல தெரிஞ்ச ஆள் குடுத்தது பைலட்டு. வரியே இல்லாத எண்ணெய். இத ஊத்துனாதான் உன் வண்டி எங்க பின்னாடி மலை ஏறும். இன்னிக்கே வா” என்றார் சின்ன முதலாளி. அண்ணன் முகம் மலர்ந்ததை என்னால் எழுத முடியாது. கேனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, நேராக என்னிடம் வந்தார்.

மோந்தேன். தோல் மெத்தென்று ஆவதற்கு டிரம்மில் ஊற்றுவார்களே, அந்த மீன் எண்ணெய். மண்ணெண்ணெயில் கரைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும் அந்த நாற்றம். டாக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மஞ்சள் காருக்குப் புது சீட் தைக்கும் வேலையைச் சின்ன முதலாளி எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்த வாரம் அது.

“பிளைட்டு எண்ணெய்தாண்ணே” என்றேன்.

முக்கால் கேனை ஊற்றினார். வண்டி கிளம்பி, வெள்ளையாகப் புகை கக்கி, நூறடி போவதற்குள் இரண்டு தரம் உதறி நின்றது. மற்ற வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டே அவரைக் கடந்து மலைக்குப் போயின. “பிளைட்டு லேட்டு பைலட்டு!” என்று ஒரு குரல் கேட்டது.

இப்போதும் அவர்கள் வருகிறார்கள். இப்போதைய சண்டை பெட்ரோலில் எத்தனாலைக் கலப்பது பற்றி. மஞ்சள் காரின் பின்கண்ணாடியில் ‘மேல போறவனுக்கு வரி, கீழ போறவனுக்கு வழி’ என்று ஸ்டிக்கர் இருக்கிறது. வெட்டி ஒட்டியது நான். யார் சொன்னது என்று கேட்கிறவர்களிடம் சின்ன முதலாளி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். அண்ணன் வேலையை விட்டு அணைக்கட்டு ஊர்ப் பக்கம் போய்விட்டாராம்.

அன்று எல்லோரும் போன பிறகு அவர் பானெட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்து நின்றார். “அந்த எண்ணெய தாங்கற அளவுக்கு நம்ம வண்டி இல்ல தம்பி” என்றார். நான் தலையாட்டினேன். அப்போது என் கடைப் பூனை வந்து, அவர் வண்டியிலிருந்து இறக்கி வைத்திருந்த கேனின் வாயை நக்க ஆரம்பித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பூனை எந்த எண்ணெய்க்கு வரும் என்று தெரியாதவர் இல்லை. அது நக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். கேனை எடுத்து மூடியை இறுக்கித் திருகினார். கடைக்குள் வந்து, சோறு வைத்துச் சாப்பிடும் என் பலகைமேல் அதை வைத்தார்.

“விலை ஜாஸ்தி சமாச்சாரம். வெயில் படாம நீயே வெச்சுக்கோ.”

வண்டியைத் தள்ள நான் கை கொடுக்கப் போனேன். என் கையை எடுத்து ஓரமாக விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி, ஆம்பூர் பக்கமாகத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.