சகுந்தலாவின் இருதயமும் முதல் ஷிப்ட் பஸ்ஸும்

போன வாரம் என் மகன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "அம்மா, இதைப் படிங்க. பன்னியோட இருதயத்தை எடுத்து மனுஷனுக்கு வச்சிருக்காங்க." கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். செய்தி சின்னதுதான். அதற்குக் கீழே உலகத்தார் எழுதியிருந்த கருத்துகள்தான் மளமளவென்று போய்க்கொண்டே இருந்தன. ஒருவர், "இனிமேல் அந்த ஆள் சேற்றைக் கண்டால் விடமாட்டான்" என்று எழுதியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே மாதிரி வேடிக்கைப் பேச்சை நான் அறுபத்தேழாம் வருஷமே கேட்டாயிற்று. நெய்வேலியில், கம்பெனி பஸ்ஸில், பெண்களுக்கு விட்டிருந்த முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு.

அந்த பஸ்ஸை நினைத்தாலே முதலில் வருவது வாசனை. டீசல், ஈரமான நிலக்கரி, யாரோ ஒருவர் தூக்குச் சட்டியில் வைத்திருக்கும் பழைய சோற்றோடு மாங்காய் ஊறுகாய், எங்கள் தலையிலிருக்கும் கனகாம்பரம். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாதே என்று கேட்பீர்கள். கிடையாதுதான். ஆனால் அந்த பஸ்ஸில் அதற்கும் ஒரு வாசனை இருந்தது.

மதுரைப் பக்கத்திலிருந்து அப்பாவுக்கு வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்தவர்கள் நாங்கள். படிப்பு முடித்ததும் எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. மாடியில் ஒரு பெரிய பலகை. அதில் சின்ன விளக்கு எரிந்தால் வயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். என் மதுரை ராகத்தில் அதைக் கேட்ட ஒரு இன்ஜினியர், "நீ நம்பர் கேட்கறயா, சண்டைக்குக் கூப்பிடறயாம்மா?" என்றார். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று குழைந்து பேசப் பழகினேன். அப்புறம் அவரே, "பழைய மாதிரியே பேசு, இது பயமா இருக்கு" என்றுவிட்டார்.

எனக்கு அடுத்த நாற்காலி சகுந்தலாவுடையது. அவள் உள்ளூர்ப் பெண். அவர்கள் குடிசைகள் இருந்த இடமெல்லாம் சுரங்கத்துக்குப் போய்விட்டன. அவள் அப்பா மாசிலாமணி அதுவரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து பெர்மனென்ட் ஆகியிருந்தார். அவர்கள் வீட்டில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தாண்டியவள் சகுந்தலா. குரல் வெண்கலம். எக்ஸ்சேஞ்சின் மாடிப்படியை மட்டும் அவளால் ஒரே மூச்சில் ஏற முடியாது. நடுவில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பாட்டு பாடி முடிச்சிட்டு வரேன், நீ போ" என்பாள். பாட்டெல்லாம் ஒன்றுமில்லை. மூச்சு வாங்கும்.

பஸ்ஸில் எங்களுக்குச் செய்தி வாசிப்பவர் சுந்தரம் சார். டிராயிங் ஆபீஸில் வேலை, தஞ்சாவூர்க்காரர். அன்றைய பேப்பர் வருவதற்குள் பஸ் கிளம்பிவிடும் என்பதால் கையில் முந்தின நாள் பேப்பர்தான் இருக்கும். அதனால் எங்கள் பஸ்ஸில் உலகம் ஒரு நாள் தாமதமாகத்தான் ஏறும். ராக்கெட், அணுகுண்டு, டெல்லியில் வந்திருக்கும் டெலிவிஷன், கலர் படம் பார்த்தால் கண் கெடுமா கெடாதா, எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் கூட, டெலிவிஷன் வந்தால் சினிமாக்காரர்கள் வீட்டுக்குள்ளிருந்து நம்மைப் பார்க்க முடியும், குளித்துத் தலைவாரிக்கொண்டுதான் அதன் முன்னால் உட்கார வேண்டும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

எதையும் நம்பாதவர் ஒருவர் இருந்தார். வெல்டர் முருகேசன். சுற்றுக் கிராமத்து விவசாயக் குடும்பம். அவர் அப்பாவின் நிலத்தில்தான் மாசிலாமணி வெகு காலம் நாற்று நட்டதும் களை பறித்ததும். சுந்தரம் சார் எதை வாசித்தாலும் முருகேசன், "எல்லாம் புருடாங்க" என்பார்.

அந்த டிசம்பரில்தான் தென்னாப்பிரிக்காவில் ஒருவருடைய இருதயத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்தார்கள் என்ற செய்தி வந்தது. சுந்தரம் சார் எழுந்து நின்றுகொண்டே வாசித்தார். பஸ் பிய்த்துக்கொண்டது. இறந்துபோனவரின் ஆசையெல்லாம் இவருக்கு வருமா? இவருக்குத் தன் பெண்டாட்டியை அடையாளம் தெரியுமா? "சினிமா கதாநாயகன் நெஞ்சை வச்சா டூயட் பாடுவாரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "புருடாங்க. நெஞ்சென்ன பல்பா, கழட்டி மாட்டறதுக்கு?" என்றார் முருகேசன். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது சகுந்தலாதான்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவள் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள்.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். மாசிலாமணி பம்ப் ஷெட்டிலிருந்து அப்படியே, முழங்கால் வரை சேறோடு வந்து நின்றார். அங்கிருந்த லேடி டாக்டர் ரொம்ப நேரம் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று விசாரித்தார். வந்திருந்தது. மழையில் நனைந்த காய்ச்சல் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். "அந்தக் காய்ச்சல் இருதயத்துல இருக்கிற வால்வைச் சுருக்கிடுச்சு. மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணா சரியாகும். பண்ணலைன்னா நாளாக நாளாகக் கஷ்டம்தான்" என்றார் டாக்டர்.

வால்வு என்ற சொல் மாசிலாமணிக்குத் தெரிந்த சொல். பூமிக்கடியில் இருக்கும் தண்ணீரை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் நெய்வேலியில் நிலக்கரி வெட்ட முடியும். இறைப்பது நின்றால் தண்ணீர் கீழேயிருந்து முட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த பம்புகளோடுதான் அவர் வாழ்ந்தார்.

"வால்வு சிக்கிக்கிச்சின்னா நாங்க பம்பை நிறுத்திட்டுத்தாங்கம்மா கழட்டுவோம்" என்றார். "இத எப்படி நிறுத்துவீங்க?"

"நிறுத்த மாட்டாங்க. இருதயம் துடிச்சிட்டிருக்கும்போதே விரலை உள்ள விட்டு அடைப்பை விலக்கி விடுவாங்க."

டாக்டர் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார். மாசிலாமணியின் முகம் வெளுத்துவிட்டது. ஓடுகிற பம்புக்குள் கையை விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். "வாணாங்கம்மா. இருக்கிற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குள் டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக் முழுக்க, சகுந்தலாவுக்கு இருதயம் மாற்றப் போகிறார்கள் என்று செய்தி பரவிவிட்டது. பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர் வந்து, "யாரு நெஞ்சை வெக்கிறாங்களாம்? கோவக்காரங்களுது வாணாம்னு சொல்லிடு. கட்டிக்கப் போறவன் பாவம்" என்று உண்மையான அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார். சகுந்தலா எனக்கு அதை நடித்துக் காட்டினாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு இருமல் வந்தது, ரொம்ப நேரம் நிற்கவில்லை.

டிசம்பர் கடைசியில் ஒரு காலை. சகுந்தலா மறுபடி வேலைக்கு வர ஆரம்பித்திருந்தாள். பஸ்ஸில் சுந்தரம் சார் பேப்பரை விரித்தார், பார்த்தார், மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே முந்திரி மரங்களைப் பார்க்க ஆரம்பித்தார். வாசிக்காமல் அவர் உட்கார்ந்து நாங்கள் கண்டதில்லை.

"என்னா சார் போட்டிருக்குது?" என்று சகுந்தலா கேட்டாள்.

"ஒண்ணுமில்லேம்மா."

"அந்த ஆளு பூட்டாரா?"

சுந்தரம் சாருக்குப் பொய் வராது. தலையை ஆட்டினார். இருதயம் மாற்றப்பட்ட மனிதர் இறந்துபோயிருந்தார். பஸ்ஸே சகுந்தலாவைப் பார்க்கக் கூடாது என்று பாடுபட்டது. பின்வரிசையில் மாசிலாமணி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முருகேசன் கூட 'புருடா' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்தேன்.

சகுந்தலா கேட்டாள். "ஆபரேஷன் பண்ண பின்னாடி அவரு கண்ணு முழிச்சாருன்னு படிச்சீங்களே சார், பேசினாருன்னு?"

"ஆமாம்மா. பேசினார்."

"அடுத்தவங்க நெஞ்சை வச்சிகினே அத்தினி நாளு பேசிக்கினு இருந்தாரு. என்னுது என் நெஞ்சுதான சார்? கதவை மட்டும்தான தொறந்து உடப் போறாங்க?"

அவள் திரும்பி, பஸ்ஸின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி அந்த வெண்கலக் குரலில் சொன்னாள்: "எப்பா, எனக்கு மாடி ஏறணும்பா."

மாசிலாமணியின் நிறுத்தம் வந்தது. இறங்கினார். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் எங்கள் ஜன்னலண்டை வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "லீவு கேட்டுட்டு வந்துடறேன். எப்ப போவணும்னு அந்த டாக்டரம்மாவைக் கேட்டு வை" என்று மகளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

பொங்கல் முடிந்து சகுந்தலாவை மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரத்தம் தேவைப்படும், ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்தில் ரத்தம் கொடுப்பதென்றால் பாதி உயிரைக் கொடுப்பதாக நினைப்பு. பஸ்ஸில் சுந்தரம் சார் விஷயத்தைச் சொன்னபோது முதலில் கையைத் தூக்கியவர் முருகேசன். "நெசமாவே ஊசியில எடுப்பாங்களா, இல்ல அதுவும் புருடாவா, நேர்ல பாத்துடறேங்க" என்றார். அவரோடு சுந்தரம் சாரும், இன்னும் சிலரும் மெட்ராஸ் போனார்கள்.

மாசிலாமணி மட்டும் ஆபரேஷனுக்கு முந்தின நாள் திரும்பி வந்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கத் தன்னால் முடியாது, மகளுக்குத் துணையாக மனைவி இருக்கிறாள், தான் பம்பண்டை இருந்தால்தான் மூச்சு விட முடியும் என்றாராம். ஆனால் ஆபரேஷன் அன்றைக்கு பம்ப் ஷெட்டிலும் இருக்க முடியாமல் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் சூப்பர்வைசர் அம்மா கண்டிப்புக்குப் பேர்போனவர். அவரே போய், "உள்ள வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டார்.

மத்தியானம் மெட்ராஸ் டிரங்க் கால் விளக்கு எரிந்தது. வயரைச் செருகினேன். ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் முருகேசனின் குரல், சுரங்கத்துக்கே கேட்கிற மாதிரி: "முழிச்சிகினாங்க! நல்லா இருக்குதுங்க!"

நான் திரும்பிச் சொன்னேன். மாசிலாமணி நம்பவில்லை. "யாரு பேசறது? முருகேசனா? அவரு சொன்னா..." என்று இழுத்தார். எதையும் நம்பாதவர் சொல்வதை எப்படி நம்புவது என்று பாவம் அவருக்குக் குழப்பம். ஹெட்செட்டைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். என்ன கேட்டதோ, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணால பாத்தாராம்," என்றார், "தண்ணி கேட்டுதாம்." அடுத்து நடந்ததுதான் அதிசயம். வேலை நேரத்தில் ஒரு வார்த்தை வெட்டியாகப் பேசவிடாத சூப்பர்வைசர் அம்மா, தானே வயரை எடுத்து பம்ப் ஷெட் லைனில் செருகிச் செய்தியைச் சொன்னார். அப்புறம் ஆஸ்பத்திரி, டிராயிங் ஆபீஸ், கேன்டீன். அந்த ஒரு நாள் மட்டும் செய்தி எங்கள் ஊரில் அன்றைக்கன்றே வந்தது.

ரத்தம் கொடுத்தவர்கள் திரும்பி வேலைக்கு வந்த காலையில், மாசிலாமணி பஸ்ஸில் முருகேசன் முன்னால் போய் நின்றார். கும்பிடப் போன கையை முருகேசன் பிடித்துக்கொண்டார்.

"உங்க வூட்டு வாசப்படிய நாங்க தாண்டினது இல்லீங்க," என்றார் மாசிலாமணி. "உங்க ரத்தம் என் பொண்ணு ஒடம்புக்குள்ள பூந்துடுச்சி."

முருகேசன் நகர்ந்துகொண்டு, "உக்காருங்க அண்ணே" என்று தன் பக்கத்தில் இடம் விட்டார். அதுவரை அவர் மாசிலாமணியை அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வா, போ என்றுதான் கேட்டிருக்கிறேன். இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு முருகேசன் பஸ்ஸைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே பாருங்க, அந்தப் பொண்ணு எதையும் நம்பாது."

கோடை வருவதற்குள் சகுந்தலா வேலைக்கு வந்துவிட்டாள். முதல் நாள் மாடிப்படி ஏறி மேலே போய் நின்று, "அவ்ளோதானா?" என்றாள். மறுபடி இறங்கி மறுபடி ஏறினாள். மறு வருஷம் நிலாவில் மனிதன் இறங்கியபோது, பஸ்ஸே இரண்டு கட்சியானது. முருகேசன், "புருடாங்க, எங்கியோ மணல்ல நின்னு போட்டோ புடிச்சிருக்கான்" என்றார். சகுந்தலா, "நான் நம்பறேன்" என்றாள். "என் ரத்தம் வேலை செய்யலியே!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டதும் பஸ் குலுங்கியதும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கல்யாணம், ஒரு மகன், பல வருஷம் கழித்து இன்னொரு ஆபரேஷன், பென்ஷன் எல்லாம் அவளுக்கு வாய்த்தன. இப்போது விருத்தாசலத்தில் மகனோடு இருக்கிறாள். போனில் பேசினால் இன்றைக்கும் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும்.

மற்றதெல்லாம் போயிற்று. வயர் பலகையைத் தூக்கிவிட்டு டயல் போன் வைத்தார்கள். அந்த பஸ் எந்தக் காயலான் கடைக்குப் போயிற்றோ. சுந்தரம் சாரும் முருகேசனும் மாசிலாமணியும் இல்லை. நாங்கள் இருந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

ஆனால் ஒன்று கேளுங்கள். போன மாதம் ரத்த அழுத்தம் பார்க்க எங்கள் தெருமுனை டாக்டரிடம் போயிருந்தேன். சின்னப் பெண். பேச்சுவாக்கில் சகுந்தலாவின் வியாதியைப் பற்றிச் சொன்னேன், முட்டிக் காய்ச்சல், சுருங்கின வால்வு என்றெல்லாம். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அதெல்லாம் பாடத்துல படிச்சதுதான் ஆன்ட்டி. பிள்ளைங்களுக்கு வந்து இங்க நான் பார்த்ததே இல்ல. அப்பல்லாம் நிறைய இருந்துச்சா?"

இருந்தது என்றேன். வெளியே வந்ததும், அன்றைய செய்தி அன்றைக்கே போகட்டும் என்று, அந்த வெயிலில் நின்றபடியே சகுந்தலாவுக்கு போன் போட்டேன்.