தகப்பன் பெயரையும் சேர்த்து

வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட முதல் வாரம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கிராமத்திலிருந்து கொண்டுவந்த அந்தப் பெருமை கறுப்புக் கோட்டுக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டிருந்தது. கோர்ட் வாசலில் நின்று வழக்குக்காரர்களைக் கூப்பிடும் டவாலியிடம் போய், "என் பேரை எப்ப கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

"வக்கீல் பேரை நாங்க கூப்பிடறதில்ல தம்பி. கூப்பிடற நிலைமைக்கு வந்துடாதீங்க" என்றார்.

அவரை எல்லோரும் 'ஸ்பீக்கர்' என்பார்கள். அவர் வாயைத் திறந்தால் தெருமுனை டீக்கடையில் நிற்பவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவான். வருடக்கணக்காக மனிதர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கென்று சில தீர்ப்புகள் சேர்ந்திருந்தன. "பொய்ச்சாட்சி முதல் கூப்பாட்டுக்கே ஓடி வந்துடுவான். லேட்டானா ஒப்பிச்சது மறந்துடும்ல? உண்மை சொல்ல வந்தவன்தான் செருப்பைத் தேடிக்கிட்டு நிப்பான்." "சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்கிறது நிஜம் தம்பி. பேரைக் கேட்டதும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வயித்தைக் கலக்கும்."

ஒரே பெயரில் பலர் வருவதால், தகப்பன் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவதுதான் எங்கள் கோர்ட் வழக்கம். "தப்பு பண்ணவன் இவன். அப்பன் பேரு எதுக்குண்ணே?" என்றேன் ஒருநாள்.

"பெத்ததுக்கு" என்றார்.

போன வருடம் ஒரு காலை, வேறொரு வழக்குக்காக உட்கார்ந்திருந்தேன். செல்போன் திருட்டு வழக்கு ஒன்றை கிளார்க் எடுத்துக் கொடுக்க, ஸ்பீக்கர் வாசலுக்குப் போனார். யாரோ தொண்டையைச் செருமுவது போல மூன்று தடவை கேட்டது. டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"கூப்பிட்டாச்சா?" என்றார் நீதிபதி.

"கூப்பிட்டேன் ஐயா. யாரும் வரல."

பிடிவாரண்ட் என்று சொல்லிவிட்டு நீதிபதி அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்தார். ஸ்பீக்கர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். படிக்கட்டுக்குக் கீழே, தேய்த்த சட்டையோடு ஓர் இளைஞன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கும் தாடையும் அச்சு அசல் ஸ்பீக்கர்.

"அடுத்த பேரைக் கூப்பிடுங்கண்ணே. தூங்கிட்டீங்களா?" என்றார் கிளார்க்.

அவர் நேரே மேஜைக்கு முன்னால் வந்தார். "ஐயா, அந்தப் பையன் வெளியதான் நிக்கறான். போலீஸ்ல பிடிக்கச் சொல்லிடாதீங்க. நான்தான் சத்தமா கூப்பிடல."

"ஏன்?"

"என் மகன் ஐயா. அவன் பேரைச் சொன்னா என் பேரையும் சொல்லணும். வெக்கமா இருந்துச்சு. வாய்க்குள்ளேயே சொல்லிட்டேன்."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மூணு தடவை கூப்பிடணும்னுதான் இருக்கு. காதுல விழணும்னு யாரும் எழுதி வைக்கல. எழுத வேண்டியிருக்காதுன்னு நினைச்சிருப்பாங்க. போங்க, முழுசா கூப்பிடுங்க."

அவர் வாசலில் நின்று கூப்பிட்டார். முதலில் தன் பெயர், பிறகு மகன் பெயர். அவருடைய சொந்தப் பெயரை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். முதல் கூப்பாட்டுக்கே மகன் உள்ளே வந்துவிட்டான். ஆனாலும் அவர் மூன்றையும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்.

வாரண்ட் ரத்தானது. வராந்தாவில் மகனுடைய காலரைச் சரிசெய்யக் கையை நீட்டினார். அவன் விலகிக்கொண்டான்.

"எவன் எவன் பேரையோ கணீர்னு கூப்பிடறியேப்பா. என் பேரு மட்டும் தொண்டையில சிக்கிக்கிச்சா? நான் எடுக்கலைன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

ஸ்பீக்கர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிப்பது போல் திரும்பி நின்றுகொண்டார்.

திருடியது வேறு ஆள் என்று செல்போனைப் பறிகொடுத்த கடைக்காரரே சாட்சி சொன்னதில் மகன் விடுதலையானான். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அவ்வப்போது வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போகிறான். ஸ்பீக்கர் தானே கேட்டு வாங்கிக்கொண்டு, முடிந்துபோன வழக்குகளின் கட்டுகளை அடுக்கும் அறைக்கு மாறிவிட்டார். அங்கே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.