கறுப்பு ஃபியட்டைக் கழுவிய வியாகுலம்மாள்

பெயரில்தான் வியாகுலம் இருந்தது. மற்றபடி வியாகுலம்மாள் எதற்கும் கலங்குகிற ஆள் இல்லை. பாலக்கரையில் பிறந்து பாலக்கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள். கணவன் அமிர்தசாமி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், எழுபத்தாறாம் வருஷம், புத்தூரில் டாக்டர் பேட்ரிசியாவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த வேலையைச் சொன்னாலும் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். தெரியாது என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

டாக்டர் பேட்ரிசியா பிரசவம் பார்க்கிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரிடம் ஒரு கறுப்பு ஃபியட் கார் இருந்தது. டிரைவர் வைத்துக்கொள்ளாமல் அவரே ஓட்டுவார். ஒரு பொம்பளை கார் ஓட்டிப் போவதை அன்றைக்கெல்லாம் புத்தூர் நாலு ரோட்டில் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். காரை வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வந்து துடைத்துவிட்டுப் போவார்.

வியாகுலம்மாள் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். மழை பெய்த ஒரு சாயங்காலம் டாக்டரம்மா லால்குடிப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டு வந்தார். கார் ஜன்னல் வரைக்கும் சேறு. மறுநாள் காலையில் அதைப் பார்த்த வியாகுலம்மாளுக்குக் கை பரபரத்தது. வாட்ச்மேனுக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்று, தேங்காய் நாரையும் சாம்பலையும் எடுத்துக்கொண்டு போனாள். வெண்கலப் பானையைத் தேய்ப்பது போல வட்டம் வட்டமாக, அழுத்தி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை தேய்த்துக் கழுவினாள். ஈரத்தில் கார் பளபளவென்று இருந்தது. அவளுக்கு ஒரே பெருமை.

வெயில் ஏறிக் கார் காய்ந்ததும்தான் விஷயம் தெரிந்தது. கறுப்பு பெயின்டின் மேல் சிலந்தி வலை பின்னினது போலக் கீறல். பானெட், மேல்பக்கம், நாலு கதவு என்று ஓர் இடம் பாக்கியில்லை. துணியால் துடைத்துப் பார்த்தாள். வலை போகவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து பானெட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"நான்தாங்க டாக்டரம்மா தேச்சேன். நாரைப் போட்டுத் தேச்சேன். சேறு போகட்டும்னுதான் செஞ்சேன்" என்றாள் வியாகுலம்மாள்.

"தெரியுது" என்றார் டாக்டரம்மா. காரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று வியாகுலம்மாளுக்கு இருந்தது. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் வேலையை விட்டு நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கெடுத்தது நாம், சரிபண்ணுவதும் நாமே என்றுதான் யோசனை ஓடியது.

அரியமங்கலத்தில் கியாசுதீன் என்பவர் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட் வைத்திருந்தார். அங்கே காரை விடப்போவதாக டாக்டரம்மா சொன்னபோது, நானும் வருகிறேன் என்று வியாகுலம்மாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கியாசுதீன் பானெட்டின் மேல் குனிந்து பார்த்தார். "யாரு கழுவுனது?"

"நான்தான் பாய். இதை எப்படி எடுக்கிறதுன்னு சொல்லுங்க. கூட இருந்து நானும் தேய்க்கிறேன்."

"நீங்க தேய்ச்ச வரைக்கும் போதும்மா" என்றார் அவர். ஆனாலும் அவளை விரட்டவில்லை. பாலிஷ் போட்டு அவர் தேய்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் பக்கத்தில் நின்று அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். நார் மட்டும்தான் குற்றவாளி என்று அவள் நினைத்திருந்தாள். நார் பாதி, சேற்றிலிருந்த மணல் பாதி என்றார் கியாசுதீன். மெத்தென்ற துணியாக இருந்தாலும் நடுவில் ஒரு பொடி மணல் மாட்டினால் போதும், அதுவே உப்புத்தாள் மாதிரி இழுத்துவிடும். வெள்ளைக் காரில் அது கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு எதையும் மறைக்காது. முதலில் மணலைத் தண்ணீர் விட்டே இறக்கிவிட வேண்டும், அதன் பிறகுதான் கை வைக்க வேண்டும்.

மணலைத் தண்ணீரால் பிரிப்பது வியாகுலம்மாளுக்குப் புதிய வேலையா? தினமும் அரிசி களைகிறவள்தானே. பாத்திரத்தைச் சாய்த்துச் சாய்த்து அரிசியை மட்டும் அள்ளினால் கல் அடியில் தங்கிவிடும். காருக்கும் அதே கணக்கு என்று அவளுக்குப் பட்டென்று பிடிபட்டது.

முக்கால்வாசிக் கீறல் பாலிஷில் போயிற்று. ஆழமாக விழுந்தவை இடது கதவில் அப்படியே நின்றன. வீட்டுக்குத் திரும்பும்போது, இனிமேல் இந்தக் காரை வேறு யாரும் தொடக்கூடாது என்றாள் வியாகுலம்மாள்.

"உன்னையும் சேர்த்துத்தானே?" என்றார் டாக்டரம்மா.

"என்னைத் தவிரங்க."

அன்றிலிருந்து கார் அவள் பொறுப்பு. தானே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டாள். வெயில் வருவதற்கு முன்னால், பானெட் சூடு ஆறியிருக்கும்போது தொடங்குவாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைப்பாள். தாலிச் செயினை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்வாள். மேலேயிருந்து குவளை குவளையாகத் தண்ணீர். பூந்திக்கொட்டை ஊறவைத்த நுரைத் தண்ணீர் ஒரு வாளியில், துணியை அலச நல்ல தண்ணீர் இன்னொரு வாளியில். டாக்டரம்மாவிடம் கேட்டு, பிரசவ வார்டில் குழந்தைகளைச் சுற்றிச் சுற்றிப் பூவாய்ப்போன பருத்தித் துணிகளை வாங்கி, வெந்நீரில் வேகவைத்து, தையல் விளிம்பைக் கத்தரித்து எடுத்துவிட்டாள். அழுத்தமாட்டாள், வட்டம் போடமாட்டாள். மேலிருந்து கீழே, நேர்கோடாக ஓர் இழுப்பு. சக்கரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் தனித்துணி. எந்தத் துணி கை தவறிக் கீழே விழுந்தாலும் அது திரும்பக் காரில் ஏறாது. காக்கை எச்சமிட்டால் சுரண்டமாட்டாள், ஈரத்துணியை அதன் மேல் போட்டு ஊறவிடுவாள். கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கிறதென்று கண்டுகொண்டு, கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் காவேரித் தண்ணீரைப் பிடித்து வைத்தாள். அது காயும் முன் துணியை விரித்து ஒற்றியெடுத்துவிடுவாள். வெயில் ஏறினால் காரை நிழலுக்குத் தள்ளிவிடுவாள்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் புதுக் காரா என்று கேட்கத் தொடங்கினார்கள்.

எழுபத்தேழு நவம்பரில் பெரிய வெள்ளம் வந்தது. புத்தூர்த் தெருக்களில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். அன்று காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்த டாக்டரம்மா ஆஸ்பத்திரி மாடியில் நோயாளிகளோடு மாட்டிக்கொண்டார். பாலக்கரையில் வியாகுலம்மாள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்து போனது. பாயும் அரிசியும் போயின, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வடிந்ததும் வீட்டைக் கூட்டி, பிள்ளைகளை அமிர்தசாமியிடம் விட்டுவிட்டு, சேற்றில் நடந்தே புத்தூருக்கு வந்தாள். கார் கேட்டுக்குப் பக்கத்தில் குறுக்காகக் கிடந்தது. மண்ணில் செய்து வைத்த கார் போல இருந்தது. மேலே காய்ந்து வெடித்திருந்தது, கீழே களியாக அப்பியிருந்தது.

பக்கத்து வீட்டு டிரைவர் தர்மராஜ் உதவிக்கு வந்தார். நல்ல மனுஷன். தன் முதலாளியின் காரைச் சாக்குத் துணியால் வழித்துச் சுத்தம் செய்திருந்தார். அதே சாக்கோடு ஃபியட்டின் மேல் கை வைக்கப் போனார். வியாகுலம்மாள் நடுவில் போய் நின்றாள்.

"கையை எடுங்கண்ணே."

"காஞ்சு இறுகிப்போச்சும்மா. வழிச்சாத்தான் வரும்."

"ஊறுனா தானா வரும். நீங்க தண்ணி இறைச்சுக் குடுங்க, அது போதும்."

தண்ணீருக்கு எங்கே போவது? குழாய் நின்றுபோயிருந்தது. கிணற்றில் இறைத்தால் காபி மாதிரி கலங்கல். அவள் இரண்டு டிரம்மில் நிரப்பித் தெளியவிட்டாள். அதுவரை காரின் மேல் படுக்கை விரிப்புகளை நனைத்துப் போட்டு, காயக் காயத் தண்ணீர் தெளித்தாள். ஊரே வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது இவள் காருக்கு ஈரத்துணி போடுகிறாளே என்று போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தாள். மறுநாள் அடிமண்டி கலங்காமல் மேல்தண்ணீரை மட்டும் மொண்டு ஊற்றினாள். மண் களியாகி, குழம்பாகி, வழிந்து இறங்கியது. ஓடுகிற தண்ணீர் தெளிந்து வரும் வரை காரின் மேல் அவள் விரல்கூடப் படவில்லை. துணியை எடுத்தபோது நடுப்பகல் தாண்டிவிட்டது. தர்மராஜ் சலிக்காமல் இறைத்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்து பார்த்தபோது, உள்ளே சீட்டெல்லாம் நாறிக்கொண்டிருந்தது, இன்ஜின் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தது. ஆனால் கறுப்பு பெயின்டில் அவர் முகம் தெரிந்தது. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். பல நாளாகத் தூங்காத கண்கள். "உனக்கு என்ன வேணும், சொல்லு வியாகுலம்" என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. "காரை நெழலுக்குத் தள்ளித் தள்ளி இடுப்பு விட்டுப்போச்சுங்க. ஸ்டார்ட் பண்ணி நகர்த்த மட்டும் சொல்லிக்குடுங்க."

நகர்த்துவதோடு அது நிற்கவில்லை. இன்ஜின் சரியானதும், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஆளில்லாத மைதானத்தில் டாக்டரம்மா அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ஸ்டீயரிங்கை ஒட்டியிருந்த கியர் முதலில் முரண்டு பிடித்தது, பிறகு படிந்தது. லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் அதிகாரி, ஓட்டப்போகிறவர் எங்கே என்று அவளுக்குப் பின்னால் தேடினாராம். ஓட்டிக் காண்பித்து வாங்கி வந்தாள். டாக்டரம்மாவுக்கு முட்டிவலி வந்தபின், காலையில் ஸ்ரீரங்கத்துக்குப் பிரசவம் பார்க்கப் போகும்போதெல்லாம் காவேரிப் பாலத்தின் மேல் ஃபியட்டை ஓட்டிப் போனது வியாகுலம்மாள்தான். எண்பத்திரண்டிலிருந்து வீட்டு வேலைக்கு இருசம்மாள் என்று வேறொருத்தி வந்தாள். வியாகுலம்மாளுக்கு டிரைவர் சம்பளம்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு நாள், காரை எடுத்துக்கொண்டு பூண்டி மாதா கோயிலுக்குப் போய்வரச் சொன்னார் டாக்டரம்மா. பிள்ளைகள் பின்சீட்டில் பாய்ந்து ஏறிக்கொண்டார்கள். அமிர்தசாமி வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு தயங்கி நின்றான். அவனும் பின்னால் ஏறப் போனான்.

"முன்னாடி வாங்க" என்றாள் அவள்.

தஞ்சாவூர் ரோட்டில் எதிரே ஒரு நெல் லாரி ஆடி ஆடி வந்தது. அமிர்தசாமி இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "லாரி வருது, பாத்து" என்றான்.

"அவனும் என்னையப் பாத்துக்கிட்டுதான் வரான். நீங்க சாஞ்சு உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, வியாகுலம்மாள் ஹாரனை ஒரு தடவை அடித்தாள். லாரி ஒதுங்கி வழிவிட்டது.