எண்ணெய் தேய்த்த கோழிக்குஞ்சு

மகளின் கரடிப் பொம்மையைத் துவைத்தேன். புசுபுசுவென்று இருந்தது, நனைந்ததும் ஒட்டி ஒடுங்கிப்போனது. எனக்குச் சின்ன வயதில் பார்த்த கோழிக்குஞ்சின் ஞாபகம் வந்தது.

அப்பா குற்றாலத்தில் அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஆறு வயதில் அவரைப் பார்த்து நானும் கோழிக்குஞ்சுக்கு எண்ணெய் தேய்த்துச் சாரலில் நிறுத்தினேன். பஞ்சுருண்டை மாதிரி இருந்தது, விரலளவு சதையாகி நடுங்கியது.

"ஏட்டி, என்ன காரியம் செஞ்சே? ரோமத்துக்குள்ள நிக்குத காத்துதான அதுக்குப் போர்வை!" அப்பா அதைக் கையில் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

அப்படியானால் நான் ஆசை ஆசையாகத் தடவியது குஞ்சையா, காற்றையா? காற்று எப்படி மெத்தென்றிருக்கும்? இன்றும் குழப்பம்தான்.

"அம்மா, கரடிக்கு என்னாச்சு?" என்றாள் மகள்.

"காஞ்சா சரியாயிரும்."

அன்று அப்பாவும் அதையேதான் சொன்னார். குஞ்சு கண் திறக்கவேயில்லை.