ஏலத்தில் போன மீசை

புத்தியுள்ளவன் ஏலத்தில் மாம்பழம் விடுவான், பூசணிக்காய் விடுவான். நான் என் மீசையை விட்டேன். அதுவும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, மண்டபம் நிறையப் பெண்கள் பார்த்திருக்க, என் வாயாலேயே. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட, நானே சொன்னால் பாதி மானமாவது மிஞ்சும்.

நேற்றுக் காலை கைத்தொலைபேசியில் ஒரு படம் வந்தது. ஓர் உள்ளங்கையில் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பி. அந்தக் காலத்தில் கமராவுக்குப் பிலிம் வாங்கினால் சாம்பல் மூடி போட்டு வருமே, அது. எங்கள் வீட்டில் அதற்குள் ஏலக்காய் இருந்திருக்கிறது, பெருங்காயம் இருந்திருக்கிறது, ஒருமுறை மகனின் விழுந்த பல்லும் இருந்திருக்கிறது. படத்தில் இருந்த டப்பிக்குள் கொஞ்சம் மயிர். நல்ல கறுப்பு. இப்போது எனக்குக் கண்ணிமையில்கூட அந்தக் கறுப்பு இல்லை. ஆனாலும் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. பெற்ற பிள்ளையைத் தெரியாமல் போகுமா?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில் அகதிகளுக்கான விடுதி ஒன்றில் எங்களுக்கு ஓர் அறை. அடுத்த அறையில் கானா நாட்டுக்காரி கிரேஸ், அவளுடைய எட்டு வயது மகள் அபேனா. அந்தப் பிள்ளை வெயில் எறிக்கும் நாளிலும் கம்பளித் தொப்பியோடுதான் திரியும். சில நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் அது நோவில் முனகுவது எங்களுக்குக் கேட்கும். என் மனைவி சுகந்தி ஒருநாள் தன் அரைகுறை டொச்சில், அதுதான் ஜெர்மன் பாஷையில், கிரேஸின் அரைகுறை டொச்சிடம் விசாரித்துவிட்டு வந்தாள்.

"பிறப்பிலேயே உள்ள வருத்தமாம். ரத்தத்தில இருக்கிற உருண்டையள் அரிவாள் மாதிரி வளைஞ்சு போகுதாம். குளிர் பட்டால் அதுகள் எங்கயாவது அடைச்சுக்கொள்ளுமாம். அப்பதான் அந்த நோ."

எனக்கு ரத்தம் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. மிச்சத்தைக் கேட்கவில்லை. ரத்தக் குறைவுக்கு எங்கள் ஆட்களின் வைத்தியம் என்ன? பீற்றூட். வாராவாரம் சந்தையில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டுபோய் கிரேஸின் கதவைத் தட்டினேன். இது அந்த வருத்தத்துக்கு உதவாது என்று டொக்டர் அவளுக்கு எப்போதோ சொல்லியிருந்தாராம். மரியாதைக்காக வாங்கினாள், மரியாதைக்காகவே அவித்தும் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் நிலைமை என்னவென்றால், நடைபாதையில் என் தலைக்கறுப்பைக் கண்டாலே அபேனா தாயின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இன்றைக்கும் பீற்றூட்டைக் கழுவும்போது வரும் மண்வாசத்தில் எனக்கு அந்த இரண்டு கண்கள்தான் தெரிகின்றன.

அந்த வருத்தத்தைத் தெரிந்த டொக்டர்மார் இருந்த ஆஸ்பத்திரி, ரயிலில் நாலு மணி நேரத் தூரத்தில். மாதாமாதம் போனால் நோவைக் கட்டுக்குள் வைக்கலாம் என்றார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் மாதாமாதம் ரயில் ரிக்கற்றுக்கு கிரேஸ் எங்கே போவாள்?

சுகந்தி யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதன் பழைய மாணவிகள் ஜெர்மனியில் சங்கம் வைத்து, ஆண்டுக்கொருமுறை கூடி, சேரும் காசைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். இந்த முறை அபேனாவுக்குக் கொடுப்போம் என்று கூட்டத்தில் சுகந்தி எழும்பிச் சொல்லிவிட்டாள். கதிரைகளை வரிசையாக அடுக்கப் போன எனக்கு எல்லாம் கேட்டது.

"எங்கட சனம் அங்க கிடந்து உத்தரிக்கேக்க, கானாக்காரப் பிள்ளைக்கோ?" என்றாள் ஒருத்தி.

தலைவி மனோ அக்கா, அந்த நாளில் தலைமை மாணவத் தலைவி. இருபத்தைந்து வருடம் கழித்தும் அந்தப் பதவியை அவர் யாரிடமும் ஒப்படைத்ததாகத் தெரியவில்லை. "பள்ளிக்கூடத்துச் சிக் ரூமில படுத்துக் கிடக்கேக்க, நீ எந்த ஊர் எண்டு உம்மட்ட ஆரும் கேட்டவையோ? இரும் பிள்ளை." நாற்பது வயதுப் பிள்ளை அடங்கிக் கதிரையில் இருந்தது.

விழா நவம்பரில், ஒரு தேவாலய மண்டபத்தில். சேலைக்கு மேல், கழுத்தில் பள்ளிக்கூட ரை கட்டிக்கொண்டு வந்தார்கள். விளையாட்டுப் போட்டிக்குப் பிரிவதுபோல ஒரு பக்கம் நீல இல்லம், மறுபக்கம் பச்சை இல்லம். ஆண்களுக்கு அடுப்படியில் றோல்ஸ் பொரிக்க மட்டும் அனுமதி. நான் வாய்க்காரன் என்பதால் ஏலம் கூற என்னை வெளியே எடுத்தார்கள். போகிற வழியில், தாயோடு வந்திருந்த அபேனாவைக் கண்டு, பீற்றூட் பாவம் கழியட்டும் என்று, றோல்ஸ் வாங்க ஒரு மார்க் கொடுத்தேன். சிரிக்காமல் வாங்கிக்கொண்டது.

ஊர்க் கோயில் ஏலம் உங்களுக்குத் தெரியும். ஒரு மாம்பழத்தை எடுத்தவர் திருப்பிக் கொடுப்பார்; அதே பழம் மூன்று முறை விலைபோகும். நானும் ஒரு முருங்கைக்காய்க் கட்டை நாலு தரம் விற்றேன். ஆனாலும் மனோ அக்கா என் காதுக்குள், "அரை வருசத்து ரிக்கற்றுக்குத்தான் காணும்," என்றார். மேசையில் சாமான் முடிந்துவிட்டது. ஒலிவாங்கி ஒரு போதை, பாருங்கள். மீசையைத் தடவிக்கொண்டு, "இனி என்னட்ட இருக்கிறது இதுதான்," என்றேன்.

சுகந்தி எழும்பினாள். காப்பாற்றப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மீசையை எடுக்க ஐம்பது!" என்றாள். அவள் நீல இல்லத்துக்காரி.

"எடுக்காமல் வைக்க அறுபது!" என்றது பச்சை.

மனோ அக்கா ஒலிவாங்கியைப் பறித்தார். "தோக்கிற பக்கமும் காசு கட்டவேணும், சொல்லிப்போட்டன்!" அதற்குப் பிறகு மண்டபம் மண்டபமாக இல்லை. பச்சை முந்நூறுக்குப் போனது. நீலம் கைப்பைகளைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. நான் மீசையை முறுக்கினேன். அப்போது கம்பளித் தொப்பி ஒன்று முன்னால் வந்து, மேசையில் ஒரு நாணயத்தை வைத்து, மூக்குக்குக் கீழே இரண்டு விரலால் வெட்டிக் காட்டியது. நான் கொடுத்த அதே மார்க்.

"முந்நூற்றொண்டு," என்றார் மனோ அக்கா, பச்சை இல்லத்தைப் பார்த்தபடி. அந்தப் பார்வைக்கு மேலே யார் கேட்பது? "ஒரு தரம். ரெண்டு தரம். மூண்டு தரம்!"

கடதாசிப் பூ வெட்டிய கத்தரிக்கோலால் அபேனா தொடங்கியது. மண்டபக் காவலரின் சவரக்கத்தியால் சுகந்தி முடித்தாள். அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். படம் பிடித்தவரிடம் டப்பி கேட்டு வாங்கி, தன் சொத்தை மூடி வைத்துக்கொண்டது. வெளியே வந்தபோது நவம்பர்க் குளிர் என் மேலுதட்டைக் கடித்தது. ஒரு விரற்கடை இடத்துக்கே இப்படியென்றால், உடம்பு முழுக்க அதற்குப் பயந்து இருப்பது எப்படியென்று கொஞ்சம் விளங்கியது. அடுத்த வாரம் விசா நீட்டிக்கப் போன இடத்தில், அலுவலர் அடையாள அட்டைப் படத்தையும் என்னையும் மூன்று தரம் பார்த்தார். "ஏலத்தில் போய்விட்டது," என்றேன். அதை அவர் எழுதவில்லை, நல்ல மனிதர்.

இரண்டு வருடம், ஒரு மாதம் தவறாமல், தாயும் மகளும் ரயில் ஏறினார்கள். பிறகு அந்த ஊருக்கே மாறிப் போனார்கள்.

சங்கத்தில் பாதிப்பேர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். மனோ அக்கா இல்லை. மண்டபத்தில் இப்போது உடற்பயிற்சி நிலையம். மார்க் இல்லை, பிலிம் இல்லை, டப்பியும் இல்லை, அந்த ஒன்றைத் தவிர. நேற்று அதன் படத்தோடு அபேனா எழுதியிருந்தாள்: நோ இன்னும் வந்து போகிறது, நானும் வேலைக்குப் போய் வருகிறேன், வீடு மாறும்போது இது அகப்பட்டது, மாமாவுக்குத் திருப்பி வேண்டுமா?

அடுப்படியில் நின்ற சுகந்தியிடம் படத்தைக் காட்டி, மேலுதட்டைத் தடவிக்கொண்டு கேட்டேன். "திரும்ப ஒருக்கா வளத்துப் பாப்பமே?"

"வித்த சாமான்," என்றாள்.