மூச்சு கொடுக்கச் சொல்லித்தந்தவர்

ஓட்டப்பிடாரத்துப் பக்கம் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்த மாயகிருஷ்ணன், டாக்டருக்குப் படித்து, மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் அளவுக்கு உயர்ந்தவர். அவர் வகுப்புக்கு மாணவர்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். கட்டுவிரியன் கடித்து இறந்த ஒருவரின் கட்டிலருகே நின்று ஒருமுறை சொன்னார்: "இவரை விஷம் கொல்லல. விஷம் நெஞ்சுத் தசையைக் கட்டிப்போட்டுது, மூச்சு நின்னுட்டு. அது இறங்குறவரைக்கும் நாம மூச்சு கொடுத்திருந்தா எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருப்பார்."

பயிற்சி டாக்டர்களைச் சிற்றூர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு தொண்ணூற்றாறில் வந்தபோது, அதற்குப் பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை. மாயகிருஷ்ணன் கேட்டு வாங்கிக்கொண்டு, கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டு நடுவில் இருந்த ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மழைக்காலம் வந்தால் பாம்புக்கடி வராத வாரம் கிடையாது. செயற்கை மூச்சு தரும் இயந்திரம் அங்கே இல்லை. கையால் அமுக்கிக் காற்றை உள்ளே அனுப்பும் ரப்பர் பை மட்டும் இருந்தது.

கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுத் தலையைக் குரல்வளையோடு வாங்கிவந்து மேசைமேல் வைத்து, மூச்சுக்குழாயில் டியூபை எப்படி இறக்குவது, அது உணவுக்குழாய்க்குள் தவறிப் போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார். பயிற்சி டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். நர்ஸ் சொர்ணத்தாய் மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். பயிற்சி டாக்டர்களில் செண்பகராஜ் என்ற பையனும் நன்றாகப் பிடித்துக்கொண்டான். படிப்பு முடிந்ததும் இங்கேயே வந்துவிடுவதாகச் சொன்னான். ஆனால் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

சொர்ணத்தாய் பழகிவிட்டாள் என்று அவர் நிம்மதியாக இருந்த வேளையில் ஒருநாள் அவள் கண் கலங்கி வந்து நின்றாள்.

"டிரான்ஸ்பர் வந்துட்டு சார். உடனே போகச் சொல்லுதாவ."

அவர் எங்கெங்கோ பேசிப் பார்த்தும் நடக்கவில்லை.

அடுத்த மாதம், மழை வெறித்த ஒரு காலையில், கடற்கரை என்ற விவசாயி தன் மனைவி பூங்கொடியை டிராக்டரில் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் தரையில் படுத்திருந்தவளைப் பாம்பு கடித்திருந்தது. கண்ணிமை ஏறவில்லை, பேச்சு குழறியது. மாயகிருஷ்ணன் இருந்த விஷமுறிவு மருந்தை ஏற்றி, டியூபைப் போட்டு, பையை அமுக்கத் தொடங்கினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி கிடைக்கவில்லை. பயிற்சி டாக்டர்கள் யாரும் அன்று இல்லாததால், கை ஓய்ந்தபோது கடற்கரைக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"நீங்க மூச்சு விடுங்க. கூடவே இதையும் அமுக்குங்க."

கடற்கரை அப்படியே பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் மாற்றிவிட வந்தாலும் அதிக நேரம் பையை விடமாட்டார். மறுநாள் பூங்கொடியின் விரல் அசைந்தது. கடற்கரை கூப்பிட்டபோது இமையும் துடித்தது. மாயகிருஷ்ணன் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். பிழைத்துவிடுவாள் என்று அப்போது உறுதியாக நம்பினார்.

தூத்துக்குடியில் ஆய்வுக் கூட்டம், கட்டாயம் வரவேண்டும் என்று போன் வந்தது. நிலைமையைச் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. புதிதாக வந்திருந்த நர்ஸிடமும் டியூட்டி டாக்டரிடமும் ஒன்றுக்கு இரண்டு முறை எடுத்துச்சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது, படியேறும் முன்பே வார்டில் அழுகை கேட்டது. விரிப்பு மாற்றியபோது டியூப் நழுவி உணவுக்குழாய்க்குள் இறங்கியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. காற்றெல்லாம் வயிற்றுக்குள் போய்ப் பூங்கொடியின் வயிறு ஊதிக் கிடந்தது. கடற்கரை இன்னும் பையை அமுக்கிக்கொண்டிருந்தார். மாயகிருஷ்ணன் அவர் விரல்களை மெல்லப் பிரித்தெடுத்தார்.

"நான் நிறுத்தவே இல்லையே சார்," என்றார் கடற்கரை.

விசாரணை வந்தது. படிக்காத ஆளிடம் பையைக் கொடுத்தது ஏன் என்று கேட்டு மாயகிருஷ்ணனுக்கு மெமோ கொடுத்தார்கள். பயிற்சி ஏற்பாட்டை மூடிவிட்டு அவரைக் கல்லூரிக்கே திருப்பி அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார். பாம்புக்கடி பாடம் வரும்போது மட்டும் புத்தகத்தில் இருப்பதை வாசித்துவிட்டு வெளியேறிவிடுவார். பின்னாளில் அந்த ஆஸ்பத்திரிக்கு இயந்திரம் வந்ததாகவும், இயக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் பெட்டி பிரிக்காமலே கிடப்பதாகவும் கேள்விப்பட்டார்.

இரண்டாயிரத்து ஏழில் எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில் கடற்கரை அவரைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கும்பிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்கு மத்தியானம் எனக்குக் கண்ணு சொருகிட்டு. ஒரு நிமிசம் மெதுவா அமுக்கிட்டேன் போல. அதனாலதான் போயிட்டாளோ?"

டியூப் நழுவியதைக் கடற்கரையிடம் யாரும் சொல்லவில்லை என்று மாயகிருஷ்ணனுக்குப் புரிந்தது. அதைச் சொன்னால் இந்தப் பாரம் இறங்கிவிடும். ஆனால் டியூப் நழுவியபிறகு அமுக்கியதெல்லாம் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

"இல்லய்யா. உங்க மேல தப்பே இல்ல."

"நீங்க நல்ல மனுசன். அப்படித்தான் சொல்லுவிய," என்றார் கடற்கரை. அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கோவில்பட்டி பஸ் வந்தது. மாயகிருஷ்ணன் ஏறி உட்கார்ந்தார். சொல்லியிருக்க வேண்டுமா கூடாதா என்று வழியெல்லாம் யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை.