குழம்பு கொதிக்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை மதியம். எங்கள் கல்மண்டபம் ஏரியாவில் ஒரு சின்ன மெஸ். சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பேரின் கை சோற்றின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

காரணம் நான்தான்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. குழம்பு சரியில்லை என்று சொன்னேன். மரியாதையாகச் சொல்லத்தான் போனேன்... அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

அதற்கு முன்னால் வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்லவேண்டும்.

என் மனைவி ஜெசிந்தா ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்குக் கத்தார் போயிருக்கிறாள். மூன்று மாதம் என்று போனாள். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். போட்டோவில் பார்த்தேன். எனக்குப் பாஸ்போர்ட் இல்லை. முப்பது வருஷம் கடலில் போனவன் — கடலைத் தாண்ட ஒரு காகிதம் எடுத்து வைக்கவில்லை.

வருகிற மாதம் அவள் திரும்ப வேண்டும். அந்தச் செவ்வாய்க்கு முந்தைய ஞாயிறு, நான் கோயிலிலிருந்து வந்ததும் போன் அடித்தது.

"மாப்ள இன்னும் மூணு மாசம் இருக்கச் சொல்றாரு. நம்ம பொண்ணு வேலைக்குப் போவணும், கொயந்தய யாரு பாத்துக்குவா? விசா நீட்டறதுக்கு பேப்பர் குடுக்கணுமாம். நீ இன்னாய்யா சொல்ற?"

"உன் இஷ்டம்" என்றேன்.

"சரி" என்று போனை வைத்துவிட்டாள்.

வந்துவிடு என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. வாய் வரவில்லை. பேத்தி மேல் எனக்கென்ன கோபமா? இல்லை. ஆனால் காலையில் டீ போட்டால் இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிறேன். ஒன்றைத் திருப்பி அலமாரியில் வைக்கிறேன். இது தினமும் நடக்கிறது. கையைப் பழக்க முடியவில்லை.

காசிமேட்டுப் பக்கம் போனால் கால் தானாக மீன்காரிகள் உட்காரும் இடத்துக்குப் போகிறது. போன வாரம் நல்ல சங்கரா பார்த்து வாங்கிவிட்டேன். வீட்டு வாசல் வரை வந்த பிறகுதான் உறைத்தது. யார் குழம்பு வைப்பது? பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினேன்.

முதல் நாற்பது நாள் நானே சோறு பொங்கினேன். முட்டை, அப்பளம், மறுபடி முட்டை. அப்புறம்தான் இந்த மெஸ்.

கஸ்தூரி என்கிற அம்மா நடத்துகிறார். நான்கு டேபிள். அவர்தான் முதலாளி, அவர்தான் சமையல், அவர்தான் பரிமாறுவது. என்னை அங்கே கூட்டிப்போனவன் தாஸ். என்னோடு பதினைந்து வருஷம் லாஞ்சில் இன்ஜின் பார்த்தவன். வாய் நிற்காது.

முதல் நாளே சொல்லிவிட்டான்: "கஸ்தூரிக்கா, இவுரு யார் தெரியுமா? காசிமேட்டு லாஞ்ச் டிரைவரு. மீனு தெரிஞ்ச ஆளு. இவுரு வாயால நல்லாக்கீதுன்னு ஒரு வார்த்த வந்துச்சு... ஆர்பர்ல பாதி ஆளு உன் மெஸ்ஸுலதான்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் சாப்பாட்டைப் பார்த்தேன்.

முதல் வாரம் மீன் குழம்பு நன்றாக இருந்தது. இரண்டு தரம் சோறு வாங்கினேன். சாப்பிட்டேன், கை கழுவினேன், வந்துவிட்டேன். தினமும் கேட்பார்: "எப்டிண்ணா கீது?" நான் தலையை ஆட்டுவேன். அது ஆமாம் தலையாட்டலா இல்லையா என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகு குழம்பு மாற ஆரம்பித்தது. ஒரு நாள் தேங்காய் அரைத்து ஊற்றியிருந்தது. ஒரு நாள் புளி தூக்கல். ஒரு நாள் சோம்பு வாசனை — மீன் குழம்பில் சோம்பு! கடைசி நான்கு நாள் மிளகாய்த்தூளின் பச்சை வாசனை. குழம்பு கொதிக்கவே இல்லை.

"இன்னா மாமு இது? தூள கரைச்சி மீன குளிக்க வுட்டுக்கீறா" என்று தாஸ் காதில் கடித்தான். "சொல்லேன் நீ."

"நீ சொல்லு."

"நான் சொன்னா வெளக்கமாறு வரும். நீ சொன்னா மரியாத."

நான் பேசாமல் தின்றேன். ஏன் என்று கேட்பீர்கள். லாஞ்சில் பழகிய பழக்கம்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு லாஞ்ச் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விசைப்படகு. கிளம்பினால் பத்து நாள், பன்னிரண்டு நாள் தண்ணீர்தான். எட்டுப் பேர். ஒருவர் சமைப்பார். அவருக்கு மனசு கோணினால் பத்து நாளும் எல்லோருக்கும் வயிறு கோணும். வேறு ஹோட்டலுக்கா போக முடியும்?

அதனால் ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். சாப்பாட்டில் குறை இருந்தால் டிரைவர் ஒருவர்தான் சொல்லலாம். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லையா? சாப்பாடு ஜோர் என்று அர்த்தம். சமைத்தவருக்கும் அது தெரியும். டிரைவர் தட்டைக் காலி செய்து பேசாமல் எழுந்தால் அவர் பீடி பற்றவைத்து நிம்மதியாக உட்காருவார்.

மெஸ்ஸில் நான் டிரைவர் இல்லை, அதனால் குறையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் லாஞ்சில் நான் இருபது வருஷம் டிரைவர். நல்ல சாப்பாட்டுக்கு என் பதில் பேசாமல் இருப்பது.

கரையில் இருப்பவர்களுக்கு அது தெரியாது என்பதை நான் யோசித்ததே இல்லை.

திங்கள்கிழமை மெஸ்ஸில் ஒரு பெண் வந்தது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பொரியலை ஒரு வாய் வைத்தது. சிரித்துக்கொண்டே, "அக்கா, சாம்பார் சூப்பர். பொரியல்ல மட்டும் உப்பு ஒரு கல்லு ஜாஸ்தி" என்றது. கஸ்தூரி நாக்கைக் கடித்தார். "அய்ய, ரெண்டு தபா போட்டுட்டேன் போல" என்று ஒரு கரண்டி தயிர் கொண்டுவந்து வைத்தார். முடிந்தது. சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை.

இவ்வளவுதானா?

எனக்கு ஜெசிந்தா ஞாபகம் வந்துவிட்டது. அவளும் இப்படித்தான். மகள் காலேஜ் சேர்ந்த அன்று திருவொற்றியூரில் ஒரு ஏ.சி. ஹோட்டலுக்குப் போனோம். பிரியாணி ஆறிப்போய் வந்தது. இவள் சர்வரைக் கூப்பிட்டாள். "நைனா, நீ துன்னுட்டியா? காலைலேர்ந்து நின்னுகினே கீறியே" என்றாள். அவர் முகம் மலர்ந்தது. "இத்த கொஞ்சம் தொட்டுப் பாரேன். சூடு கீதா?" தட்டு உள்ளே போய் ஆவி பறக்க வந்தது.

எனக்கு வெட்கம். டேபிளுக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். வெளியே வந்ததும் சொன்னாள்: "நல்லா இருக்கும்னு நம்பித்தான உள்ள போனோம்? அந்த நம்பிக்கைல கேக்குறேன். நம்பாதவன்தான் கேக்காம எய்ந்து போவான்."

அன்றைக்கு அது எனக்கு வாயாடித்தனமாகத் தெரிந்தது.

திங்கள் சாயங்காலம் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். சிரிக்காதீர்கள். "கஸ்தூரி, சோறு நல்லாக்கீது. மீனு நல்லாக்கீது. கொயம்பு மட்டும் இன்னும் கொஞ்சம் கொதிக்கணும்." ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தேன். முதலில் நல்லது, பிறகு குறை. வழி சரியாகத்தான் பிடித்திருந்தேன்.

செவ்வாய் மதியம் வழக்கம் போலக் கேட்டார். "எப்டிண்ணா கீது?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். சோறும் மறந்தது, மீனும் மறந்தது. கடைசி வரி மட்டும் வந்தது. எந்தக் குரலில் வந்தது? இன்ஜின் சத்தத்துக்கு மேலே, வலை இழுக்கிறவனுக்குக் கேட்கிற குரலில்.

"கொயம்பு கொதிக்கல!"

அப்போதுதான் அந்தப் பத்துக் கை நின்றது. ஒருவர் கையிலிருந்து அப்பளம் விழுந்தது.

"யப்பா..." என்றான் தாஸ். "மரியாதையாத்தான் சொன்ன மாமு. காட்டுப்பள்ளி வரைக்கும் கேட்டுருக்கும்."

கஸ்தூரி கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனார். எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் வந்து எனக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஒரு மாசமா துன்ற. இன்னிக்கித்தான் வாயத் தொறந்துக்கீற" என்றார். "உனக்கு இன்னாதாண்ணா புடிக்கும்? மீனு தெரிஞ்ச ஆளுன்னாரு இவுரு. நீயானா கல்லு மாதிரி துன்னுட்டுப் போற. புடிக்கலன்னு நெனச்சி தேங்கா ஊத்தினேன். புளிய ஏத்தினேன். யாரோ சொன்னாங்கன்னு சோம்பு கூட போட்டேன். இப்போ தெனம் புச்சா மசாலா அரைக்கிறேன். அரைச்சி முடிக்கறதுக்குள்ள மணி ஆயிடுது, எல்லாரும் வந்து குந்திடுறீங்கோ. கொதிக்க எங்க நேரம்?"

"மொத வாரம் வச்சது..." என்றேன்.

"அது இன்னா?"

"அது நல்லா இருந்துச்சு."

அந்த அம்மா என்னை முறைத்த முறையை எழுதத் தெரியவில்லை. "அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? வாய்ல பூட்டா?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். அப்பளம் விட்டவர் இன்னொரு அப்பளம் கேட்டார். தாஸ் என் முதுகில் தட்டினான். நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் என்றால், எனக்கு வேறொரு குழம்பு ஞாபகம் வந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் ஜெசிந்தா கானாங்கத்தை மீனில் மாங்காய் போட்டு ஒரு குழம்பு வைப்பாள். அதைப் போல நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. எதிரே உட்கார்ந்து, "எப்டிக்கீது?" என்று கேட்பாள். நான் தட்டைக் காலி செய்து, பேசாமல் எழுந்து கை கழுவுவேன். டிரைவர் மரியாதை!

கடலுக்குப் போய்த் திரும்பினால் குழம்பு வேறாக இருக்கும். அடுத்த முறை இன்னொன்று. முருங்கைக்காய் வந்தது, தேங்காய்ப்பால் வந்தது. மாங்காய் போயே போய்விட்டது. மார்க்கெட்டில் கிடைப்பதை வைத்து ஆக்குகிறாள் என்று நினைத்தேன். ஒரு கட்டத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். என்னைப் புரிந்துகொண்டாள் என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

என்ன ஆள் நான்?

மெஸ்ஸிலிருந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. கடலோரம் போய்க் கல்லில் உட்கார்ந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. போன் செய்தேன்.

"இன்னாய்யா இந்நேரத்துல? உடம்புக்கு இன்னா?" என்று பதறினாள். எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள்.

"ஒண்ணியும் இல்ல."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்." வழக்கமாக இதோடு முடிந்துவிடும். இந்த முறை வைக்கவில்லை. "நீ மாங்கா போட்டு ஒரு கொயம்பு வைப்பியே. கானாங்கத்தைல."

"எப்போ?"

"கல்யாணம் ஆன புதுசுல."

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"நல்லா இருந்துச்சு."

அந்தப் பக்கம் பேத்தி அழும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா அவளைத் தட்டிக்கொடுக்கும் சத்தமும் கேட்டது.

"புடிக்கலன்னு இல்ல நெனச்சேன்" என்றாள் மெதுவாக. "அதானய்யா வுட்டேன்."

"தெரியும். இப்போதான் தெரியும்."

"அப்பால வச்சதெல்லாம்?"

"சுமாரு."

சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. போனை நன்றாகக் காதில் அழுத்திக்கொண்டேன். சிரித்து முடித்துச் சொன்னாள்:

"பேப்பர் நேத்தே குடுத்துட்டாருய்யா மாப்ள. மூணு மாசத்துக்கு. உன் இஷ்டம்னியே... உனக்கு ஒண்ணும் இல்ல போலன்னு நானும் சரின்னுட்டேன்."

எதிரே ஒரு லாஞ்ச் வெளியே போய்க்கொண்டிருந்தது. அது சிறிதாகும் வரை பார்த்தேன்.

"அவ்ளோ நாளு இருந்துட்டு வர்றேன். சரியா?" என்று கேட்டாள்.

"சரியில்ல" என்றேன்.

குழந்தையும் அடங்கியிருந்தது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

சொன்னேன்.